சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள்: சாப்பாட்டை மாற்றினால் போதுமா, மாத்திரை எடுக்கத்தான் வேண்டுமா?

எனக்கு டைப் 2 சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது. அதனாலேயோ என்னவோ, குடும்பத்திலும் இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் யாருக்காவது புதிதாகச் சர்க்கரை என்று சொல்லிவிட்டால் அடுத்த வாட்ஸ்அப் எனக்குத்தான் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தவனும் இல்லை. இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போய் உருப்படியாக நாலு கேள்வி கேட்டால் நல்லது. யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

பாலிகிளினிக்கில் எனக்கு 7.4 என்றார்கள். ஊரில் அண்ணனுக்கு 133ஆம். யாருக்கு அதிகம்?

முதலில் அந்த 7.4 எது என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரையாக இருந்தால் அது மில்லிமோல் கணக்கு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். 7.4ஐப் பெருக்கிப் பாருங்கள், அதே 133தான் வரும். அண்ணனும் தம்பியும் ஒரே நிலைமையில்தான் இருக்கிறீர்கள்.

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 7.4 என்றால் அது வேறு சங்கதி. அது விழுக்காடு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். எச்பிஏ1சியில் மட்டும் பல நாடுகள் 6.5ஐக் கோடாக வைத்திருக்க, சிங்கப்பூரில் 7.0ஐ வைத்திருக்கிறார்கள். 6.1 முதல் 6.9 வரை வந்தால் இங்கே வெறும் வயிற்றுப் பரிசோதனையோ, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து எடுக்கும் பரிசோதனையோ செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். ரத்தசோகை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தப்பாகக் காட்டலாம், அப்படி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டாக்டர் முதல் நாளே மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிவிட்டார். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திப் பார்க்கிறேன், அவகாசம் கொடுங்கள் என்று கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் உங்கள் எண் என்ன என்பதைப் பொறுத்தது.

எச்பிஏ1சி ஏழையொட்டி இருக்கிறது, தாகம், எடை குறைவு என்று எந்த அறிகுறியும் இல்லை, இதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறு இல்லை, குறைக்க வேண்டிய தொப்பை கொஞ்சம் இருக்கிறது என்றால் மூன்று மாதம் கேட்பது நியாயமான கோரிக்கைதான், ஒத்துக்கொள்ளும் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் மூன்று மாதம் என்றால், நீங்கள் செய்த மாற்றம் எச்பிஏ1சியில் முழுசாகத் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கும். கேட்கும்போது வெறுமனே "பார்த்துக்கொள்கிறேன் டாக்டர்" என்று சொல்லாமல், எந்தத் தேதியில் மறுபடி ரத்தம் எடுப்பது, எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் தொடர்வது, வராவிட்டால் அன்றே மாத்திரை ஆரம்பிப்பது என்று மூன்றையும் பேசி முடிவுசெய்து அவர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். சிரமப்படுகிறவர்கள் பெரும்பாலும் தேதி வைக்காமல் "கட்டுப்பாட்டில்தான் இருக்கேன்" என்று நாலைந்து வருடம் ஓட்டியவர்கள்தான். சர்க்கரை வலிக்காது, அதனால் ஏமாற்றுவது சுலபம்.

எட்டு, ஒன்பது என்று இருந்தால் நான் பேரம் பேசச் சொல்ல மாட்டேன். மாத்திரையையும் சாப்பாட்டு மாற்றத்தையும் ஒரே நாளில் ஆரம்பியுங்கள். எண் இறங்க இறங்க மாத்திரையைக் குறைக்கும்படி டாக்டரிடம் கேட்கலாம். இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. மாத்திரை என்றால் தோல்வி, சாப்பாடு என்றால் வெற்றி என்று மனசில் ஒரு கணக்கு ஓடுகிறது. உடம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, அது பார்ப்பது ரத்தத்தில் எத்தனை நாள் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை மட்டும்தான்.

எப்போது தள்ளிப்போடவே கூடாது?

எச்பிஏ1சி பத்துக்கு மேல், அல்லது எந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தாலும் 16, 17 மில்லிமோல் என்று காட்டுகிறது, கூடவே தீராத தாகம், ராத்திரியில் நாலு முறை எழுந்து சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது. இந்த நிலைமையில் சில டாக்டர்கள் ஆரம்பத்திலேயே இன்சுலின் கொடுப்பார்கள். இன்சுலின் என்றதும் "கடைசி கட்டம்" என்று பயந்து ஓடிவிடாதீர்கள். சில வாரமோ சில மாதமோ போட்டுச் சர்க்கரையை இறக்கியபின் நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறியவர்கள் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது இதோடு சேர்ந்தால் கிளினிக் எல்லாம் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

கர்ப்பமாக இருப்பவர்கள், ஆகத் திட்டமிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றே டாக்டரைப் பாருங்கள். இதயநோய் உள்ளவர்களுக்கும் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கும் சர்க்கரை அளவு சுமாராக இருந்தாலும்கூட சில மருந்துகள் அந்த உறுப்புகளைக் காப்பாற்றவே கொடுக்கப்படுகின்றன. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் அந்த வகை.

சாப்பாட்டை மாற்றியே சர்க்கரையை விரட்டிவிட்டேன் என்று யூடியூபில் சொல்கிறார்களே, பொய்யா?

முழுப் பொய் இல்லை. பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

பிரிட்டனில் டைரக்ட் என்று ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் முதல் முடிவு வந்தது. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள், உடல் பருமனானவர்கள். முதல் நாளே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு சுமார் 850 கலோரி அளவுக்குச் சத்துப் பானம் மட்டும் கொடுத்தார்கள். எல்லாமே கண்காணிப்பில். ஒரு வருடம் கழித்து 46 விழுக்காட்டினருக்கு மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தது, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 விழுக்காடு. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காடு. இரண்டாம் வருடம் 46 என்பது 36 ஆகிவிட்டது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது என்பதை யூடியூப்காரர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அதே பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், வழக்கமான உணவு ஆலோசனையை மட்டும் நம்பியிருந்தவர்களில் ஒன்பது வருடத்துக்குப் பிறகு பத்தில் ஒருவருக்குக்கூட எச்பிஏ1சி 7க்குக் கீழே இல்லை. எச்பிஏ1சி ஒரு விழுக்காடு குறைந்தால் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக் குழாய்ச் சிக்கல்கள் 37 விழுக்காடு குறைவாக இருந்தன என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது: "அரிசியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்" என்ற அளவில் செய்யும் உணவுக் கட்டுப்பாடு மாத்திரைக்கு ஈடாகாது. உடம்பிலிருந்து பத்து, பதினைந்து கிலோ நிஜமாகவே இறங்கி, இறங்கினது அங்கேயே நிற்கும் அளவுக்குச் செய்தால், அதுவும் நோய் வந்த முதல் சில வருடங்களுக்குள் செய்தால், நிறையப் பேருக்கு ஈடாகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி உங்களால் எந்த அளவுக்குச் செய்ய முடியும் என்பது. ஷிஃப்டு வேலை, சின்னக் குழந்தைகள், வயசான மாமியாரைப் பார்த்துக்கொள்வது என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் "மனசு வைத்தால் முடியும்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நான் ஒல்லிதானே, எனக்கு எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

நம் ஆட்களுக்கு இது சாதாரணம். கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் முன்னே. கொழுப்பு தோலுக்கு அடியில் தங்காமல் கல்லீரலையும் கணையத்தையும் சுற்றிச் சேர்வதால்தான் ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீட்டை (பிஎம்ஐ) 25 என்று வைக்காமல் 23இலிருந்தே எச்சரிக்கிறார்கள், 27.5க்கு மேல் அதிக ஆபத்து. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. இதைத் தாண்டியிருந்தால் நீங்கள் ஒல்லி இல்லை, பேன்ட் சைஸைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நிஜமாகவே ஒல்லி, தொப்பையும் இல்லை, எடை தானாக இறங்குகிறது என்றால் அது டைப் 2தானா என்றே ஒருமுறை கேளுங்கள். பெரியவர்களுக்கும் டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் வகை, வருவதுண்டு. அதற்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் என்று உட்கார்ந்திருப்பது ஆபத்து.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே?

மாத்திரை யாரையும் கட்டிப்போடுவதில்லை. பலர் நிறுத்த முடியாமல் போவதற்குக் காரணம் நோய். நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்திலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள், வருடங்கள் போகப் போக அது இன்னும் குறையும். எடை குறைந்து, மாத்திரையை நிறுத்தியபின் குறைந்தது மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்றால் அதைத் தணிந்த நிலை என்கிறார்கள். குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை, வருடா வருடம் பரிசோதனை தொடரும்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று சொல்கிறார்களே?

கெடுக்காது. நான் அதிகம் கேட்கும் பயம் இதுதான், எங்கள் வீட்டிலேயே இதை நம்பி மாத்திரையை ஒளித்துவைத்தவர் உண்டு. கட்டுப்பாடில்லாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைப்பார்கள், சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் (இஜிஎஃப்ஆர்) 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதைப் பார்த்தவர்கள் மாத்திரையால்தான் கிட்னி போனது என்று கதையைத் திருப்பிவிட்டார்கள்.

நிஜமான பக்கவிளைவு வயிற்றில். கலக்கல், வாயு, பேதி, வாயில் ஒரு உலோக ருசி. 500 மில்லிகிராமில் ஆரம்பித்து, சாப்பாட்டோடு எடுத்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டினால் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். பழகவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, கேளுங்கள். (அந்த வகையில் மாத்திரையின் கூடு அப்படியே மலத்தில் வரலாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, கூடுதான் வெளியே வருகிறது. ஒரு அக்கா இதைப் பார்த்துவிட்டு மாத்திரையே செரிக்கவில்லை என்று இரண்டாவது ஒன்றைப் போட்டுக்கொண்டாராம். வேண்டாம்.)

பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே அது குறைவாக இருக்கும் என்பதால், கால் மரத்துப்போனால் எல்லாவற்றையும் சர்க்கரை மேல் போடாமல் பி12ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிப்பிசைட், கிளிக்லசைட் மாதிரியான மாத்திரைகளில் வரும், 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். உங்கள் மாத்திரை எந்த வகை என்று தெரியாமல் சாப்பாட்டை மட்டும் திடீரென்று வெட்டாதீர்கள், இந்த வகை மாத்திரையோடு சோற்றையும் நிறுத்தி மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

சரி, சாப்பாட்டில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

குடிப்பதிலிருந்து. காலையில் ஒரு தே தாரிக் (கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீர்), பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று காப்பிக்கடையில் நிற்பவர்களுக்கு அந்தக் கெட்டிப்பாலை நிறுத்துவதே பாதி வேலை. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும், மூன்றாவது வாரம் பழைய தே தாரிக்கைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும். நேராகக் கோசோங்குக்குப் போக முடியாதவர்கள் சியூ டாய் (சீனி குறைவாக) என்று கேட்டு இறங்கி வரலாம். மைலோ, பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்), கரும்புச்சாறு எல்லாம் இதே கணக்கில்தான். பாட்டில் பானங்களில் ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேடு எழுத்து 2022 டிசம்பர் கடைசியிலிருந்து வருகிறது, டி என்றால் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. நமக்கு ஏ, பி போதும்.

அடுத்து சோறு. சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தியவர்கள் யாரும் ஆறு மாதம் தாண்டி நான் பார்க்கவில்லை. தட்டை மாற்றுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் மை ஹெல்தி பிளேட் படத்தில் பாதித் தட்டு காய் பழம், கால் தட்டு புரதம், கால் தட்டு சோறு. நம் வாழையிலைச் சாப்பாட்டில் இது தலைகீழாக இருக்கும். நடுவில் மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி முட்டைகோஸ், அதற்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், உருளைக்கிழங்கும் மாவுச்சத்துதான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சைவக்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல்: காலையில் இட்லி, மதியம் சோறு சாம்பார், ராத்திரி தோசை என்று போனால் நாள் முழுக்க மாவுச்சத்து, புரதம் சாம்பாரின் அடியில் கிடக்கும் பருப்பு அளவுக்குத்தான். தவ்கா (கெட்டியான சோயா கட்டி), தெம்பே (புளிக்கவைத்த சோயா), முட்டை சாப்பிடுகிறவர்கள் முட்டை, சுண்டல், கெட்டிப் பருப்பு, சீனி போடாத தயிர், இவற்றைக் கூட்டினால் சோறு தானாகக் குறையும். இந்த ஊரில் தவ்காவும் தெம்பேயும் இவ்வளவு மலிவாக இருக்க, நம் வீடுகளில் இன்னும் அதை வெளியார் சாப்பாடாக நினைப்பது எனக்குப் புரியாத ஒன்று.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். முதலில் காய், அப்புறம் மீனோ பருப்போ, கடைசியில் சோறு. அதே தட்டு, அதே அளவு, ஆனால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை குறைவாக இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் சோபாவில் சாயாமல் கீழே இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் புளோக்கைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள், அதற்கும் பலன் உண்டு. வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்பது பொது அளவு, அதை இப்படித் துண்டு துண்டாகவும் செய்யலாம்.

வெளியே சாப்பிடும்போது ரொட்டி பிராட்டா இரண்டு கோசோங் (எதுவும் சேர்க்காதது) என்பதை முட்டை பிராட்டா ஒன்று என்று மாற்றலாம், பிராட்டாவே வேண்டாம் என்பது இன்னும் நல்லது. தோசை, சப்பாத்தி, மீன் சூப், யோங் தவ் ஃபூவில் நூடுல்ஸ் இல்லாமல், நாசி பாடாங்கில் சோறு பாதி காய் இரண்டு என்று கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள். மீ கோரெங்கில் தக்காளிச் சாஸ், சீனி, நூடுல்ஸ், உருளைக்கிழங்கு நாலும் இருக்கும். எனக்கும் பிடிக்கும், மாதத்துக்கு ஒருமுறை.

கேழ்வரகு, சப்பாத்தி, பழுப்பரிசி, கருப்பட்டி இவை பரவாயில்லையா?

கேழ்வரகுக் கூழ் அரைத்துக் கரைத்துக் காய்ச்சியது, வேகமாகவே ஏறும். களியாகவோ அடையாகவோ, காயோடு சாப்பிட்டால் மெதுவாக ஏறும். சப்பாத்தி நல்லது என்று நாலு சப்பாத்தி சாப்பிட்டால் ஒரு கிண்ணச் சோற்றைத் தாண்டிவிடும். பழுப்பரிசி கொஞ்சம் பரவாயில்லை, அதற்காக இரண்டு மடங்கு போட்டுக்கொள்ள முடியாது. கருப்பட்டி, குலா மெலாக்கா என்ற தென்னை வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாம் சர்க்கரை. அவ்வளவுதான்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடி?

காயாகச் சாப்பிடுங்கள், நல்ல காய். வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு, கொஞ்சம் உதவும். மாத்திரைக்குப் பதிலாக நம்பும் அளவுக்கு எதற்கும் ஆதாரம் இல்லை. டப்பாவில் அடைத்து "சர்க்கரைக்கு மூலிகை, பக்கவிளைவே இல்லை" என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். அதில் சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலந்து விற்பது நடந்திருக்கிறது. 2008இல் இதே சிங்கப்பூரில் கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது, சர்க்கரை நோயே இல்லாதவர்கள் தாழ்சர்க்கரையில் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்தும் போனார்கள். மூலிகை வேலை செய்கிறது என்று மீட்டரில் தெரிந்தால், வேலை செய்வது மூலிகைதானா என்று ஒரு சந்தேகம் இருக்கட்டும்.

ஓசெம்பிக் ஊசி போட்டால் இரண்டும் வேண்டாமே?

ஓசெம்பிக்கில் இருக்கும் செமாகுளூட்டைட் என்ற மருந்து சர்க்கரையையும் எடையையும் நன்றாகக் குறைக்கும், இதயத்துக்கும் நல்லது என்று தெரிகிறது. குமட்டல் வரும், விலை அதிகம், நிறுத்தினால் எடை திரும்புவது வழக்கம், கொழுப்போடு தசையும் போகும் என்பதால் புரதமும் உடற்பயிற்சியும் கூடவே வேண்டும். சாப்பாட்டு விஷயத்திலிருந்து தப்பிக்க வழி இல்லை, பசியைக் குறைத்து அதைச் சுலபமாக்கும் ஒரு வழி. டாக்டர் எழுதாமல் ஆன்லைனில் வாங்காதீர்கள்.

விரதம், நோன்பு?

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரும்பாலும் நேரத்தை மாற்றிக்கொடுப்பார்கள். கிளிப்பிசைட் வகை, இன்சுலின் எடுப்பவர்கள் ரமலானுக்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். எம்பாகிளிஃப்ளோசின் வகையில் நீர் வறண்டு போவதும், பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறுவதும் உண்டு. அதனால் மாவுச்சத்தை அடியோடு விடும் கீட்டோ உணவுக்கும் அந்த மாத்திரைக்கும் ஆகாது. நோன்பில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். 3.9 மில்லிமோலுக்குக் கீழேயோ 16.6க்கு மேலேயோ போனால் நோன்பைத் திறந்துவிடச் சொல்கிறது மருத்துவ வழிகாட்டி. இஃப்தாருக்குப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் சரி, அதற்கு மேல் பேரீச்சம்பழம் நாலு, பண்டோங் இரண்டு என்று போகும்போதுதான் எண் எகிறுகிறது.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கும் இதேதான். ஒருவேளைச் சாப்பாடு என்று முடிவு செய்யும் முன் மாத்திரைப் பட்டியலோடு டாக்டரிடம் போங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவு எவ்வளவு ஆகும்?

மெட்ஃபார்மின் மலிவு. சர்க்கரை நோய் மெடிசேவில் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) கட்டக்கூடிய நாள்பட்ட நோய்களில் ஒன்று, ஆண்டு வரம்பு உண்டு, பெற்றோருக்காகப் பிள்ளைகளின் மெடிசேவையும் பயன்படுத்தலாம். அரசாங்கம் மருத்துவச் சலுகைக்குத் தரும் சாஸ் அட்டை இருந்தால் தனியார் கிளினிக்கிலும் சலுகை. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஹெல்தியர் எஸ்ஜியில் ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம், 2023 ஜூலையில் தொடங்கிய திட்டம். ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பதால், மேலே சொன்ன தேதியும் எண்ணும் அவருக்கும் ஞாபகம் இருக்கும், எனக்கு அதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

ஊரிலிருந்து மாத்திரை வாங்கி வருகிறேன், தப்பா?

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம். பிரச்சினை என்னவென்றால், ஊரில் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து விற்பது சகஜம். மெட்ஃபார்மின் என்று நினைத்து கிளிப்பிசைட் வகையைச் சேர்ந்த கிளிமிபிரைடும் சேர்ந்ததை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அட்டையைப் படம் எடுத்து இங்குள்ள டாக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.

நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். கேட்டரிங் சாப்பாடுதான். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை, இருப்பதைச் சொல்கிறேன். விடியற்காலையில் வந்து மதியம் வரை காத்திருக்கும் சோற்றுப் பொட்டலத்தில் உணவுக் கட்டுப்பாடு என்பது பேச்சுக்குத்தான். சோற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, அவித்த முட்டை இரண்டு, வறுத்த கடலை, தேக்காவில் வாங்கும் கொண்டைக்கடலையை ஞாயிற்றுக்கிழமை வேகவைத்துச் சுண்டலாக எடுத்து வைப்பது, சீனி போட்ட டப்பா பானத்துக்குப் பதில் தண்ணீர், இவ்வளவு செய்தாலே பெரிய விஷயம். உங்கள் நிலைமையில் மாத்திரையை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்பேன். விடுதியில் தங்கும் ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு முதலாளி பிரைமரி கேர் பிளான் என்ற அடிப்படை மருத்துவத் திட்டத்தை எடுத்திருக்க வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, அதில் என்னென்ன சேரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாரத்தில் ஏறுகிறவரா, பாரந்தூக்கி ஓட்டுகிறவரா என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சாப்பாடு தாமதமானால் சர்க்கரையை இறக்கிவிடும் மாத்திரையைத் தவிர்த்து வேறு எழுதுவார்.

அம்மாவுக்கு 80 வயது. அவருக்கும் இவ்வளவு கட்டுப்பாடா?

வேண்டாம். பொதுவாக எச்பிஏ1சி இலக்கு 7 என்றால், தள்ளாத வயதில் டாக்டர்கள் 8 வரைகூட விட்டுக்கொடுப்பார்கள். அந்த வயதில் தாழ்சர்க்கரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய பயம். பசிக்கிறது என்று கேட்கும் அம்மாவிடமிருந்து இட்லியைப் பிடுங்காதீர்கள். அவர் சாப்பிடுவது குறைந்துகொண்டே போனால் மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

மீட்டர் வாங்க வேண்டுமா?

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் சாப்பாட்டைச் சோதித்துப் பார்க்கிற அந்த மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். சாப்பிடும் முன் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, அதுவும் தினமும் வேண்டாம், புதிதாக எதையாவது சாப்பிடும் நாளில் போதும். தோசை உங்களை எவ்வளவு ஏற்றுகிறது என்பதை உங்கள் விரல்தான் சொல்லும், என் விரல் சொல்லாது.

சாப்பாட்டாலேயே எண் இறங்கிவிட்டது. இனி டாக்டரிடம் போக வேண்டியதில்லையே?

போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரையைப் படம் எடுப்பது, சிறுநீரில் புரதம், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, பாதப் பரிசோதனை. மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இவை உண்டு. ரத்த அழுத்தமும் கொழுப்பும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில் கொழுப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தனி மருந்து, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.